சவரியம்மாளுக்குப் பிடித்த ரெண்டு படம்

மரக்காணம் உப்பளத்தில் இருபத்தாறு வருஷம் கூடை சுமந்தவள் சவரியம்மாள். அந்த வெள்ளை வெயில் அவள் கண்ணைத் தின்றுவிட்டது. கண்ணில் பொரை விழுந்தது என்றால் ஆபரேஷன் செய்து எடுத்திருக்கலாம். முகாமுக்கு வந்த டாக்டர், "நரம்பே போச்சும்மா, இனிமே வெயில்ல போவாத" என்று சொல்லிவிட்டார். நல்ல வைத்தியம்! வெயிலில் போகாமல் இருட்டிலா உப்பு வாருவார்கள்?

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். ஒரே மகள் ஆரோக்கியசெல்வி தினமும் பஸ்ஸில் திண்டிவனம் போய் டீச்சர் ட்ரெயினிங் படிக்கிறாள், இன்னும் எட்டு மாதம் பாக்கி. விஷயம் தெரிந்தால் படிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கூடையைத் தூக்குகிற பெண் அவள். அதனால் சவரியம்மாள் வரப்பில் காலடியை எண்ணி எண்ணி நடந்தே ஒப்பேற்றினாள். அழுத்தக்காரி.

2005 ஜூலையில் சர்ச்சில் பஸ் பிடித்து ஊர்க்காரர்கள் சாந்தோம் போனார்கள்; தாயும் மகளும் கூடப் போனார்கள். திரும்பும் வழியில் எழும்பூர் மியூசியம். படம் மாட்டிய கூடத்தில் சவரியம்மாள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாருக்குது, நல்லாருக்குது" என்று சும்மா தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

ஒரு மூலையில் நின்றுவிட்டாள். இருட்டாக ஒரு பெரிய படம். அந்தக் கறுப்புக்குள்ளிருந்து சிவப்புச் சேலைக்காரி ஒருத்தி, கையில் விளக்கோடு, மெல்ல மெல்ல வெளியே வந்தாள். மூக்கு தெரிந்தது. மூக்குத்தி கூடத் தெரிந்தது! எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு முகம். சவரியம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னாம்மா, இங்கியே நின்னுட்ட?"

"இவளப் பாருடி செல்வி. இன்னா அழகு!"

அந்தச் சந்தோஷம்தான் வினையாகிப் போனது. கண் திரும்பிவிட்டது என்றே நினைத்துவிட்டாள் பாவி. கையைத் தூக்கி எதிர்ச் சுவரைக் காட்டினாள்.

"தோ, அதுவும் எனக்குப் புடிச்சிருக்குது. வெள்ளை வெளேர்னு, நம்ம உப்பளந்தான? குவிச்சு வச்ச உப்பு கூடத் தெரியுது பாரு."

பின்னால் வந்த பக்கத்து வீட்டு அருக்காணி, "ஐயோ சவரி, அது ஜன்னலு! வெயில் அடிக்குது" என்றாள்.

"அருக்காணி அக்காவுக்கு இன்னா தெரியும்? படந்தாம்மா அது" என்றாள் செல்வி. குரல் உடைந்திருந்தது. சவரியம்மாளுக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. ஊர் வந்து சேரும்வரை மகள் அவள் கையை விடவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் ஆணியில் மாட்டி வைக்கும் உப்புக் கூடையைத் தேடினாள். கை வெறும் சுவரில் பட்டது. வாசலில் கொலுசுச் சத்தம் கேட்டது.

"காலேஜுக்கு இன்னும் நேரம் இருக்குதே செல்வி?" என்றாள், தெரிந்தே.

"நீ உள்ள இரும்மா. வெயில் வந்துடப் போவுது."

கொலுசுச் சத்தம் பஸ் நிற்கும் பக்கம் போகவில்லை. உப்பளத்துப் பக்கம் போயிற்று.