கைமாறாத பிள்ளை

இந்த நாட்டில் மடி என்பது அவரவர் சொந்த உடைமை. இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் தேவைப்பட்டது. எங்கள் ஊர் பஸ்ஸில் இருக்கை கிடைத்தவரின் மடி அவருடையது அல்ல. நிற்கிறவரின் கைப்பை, பள்ளிக்கூடப் பை, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வாளி, கடைசியில் பிள்ளை, எல்லாம் அங்கேதான் வந்து சேரும். யாரும் அனுமதி கேட்பதில்லை, யாரும் முறைப்பதுமில்லை. இங்கே பக்கத்து இருக்கையில் தங்கள் பையை இருத்திவிட்டு, மடியில் கைகளை வைத்துக்கொண்டு, யன்னலுக்கு வெளியே பார்த்தபடி போகிறார்கள். அப்படிப் பார்க்க வெளியே என்னதான் இருக்கிறது என்று நானும் பல நாள் எட்டிப் பார்த்தேன். மழைதான் இருந்தது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய நகரம். என் கணவர் வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை செய்கிறார். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். மாரிக் குளிர்காலத்தில் இங்கே பின்னேரத்திலேயே இருட்டிவிடுவதால் அதை ஒரு குறையாகச் சொல்லவும் வழியில்லை. மூத்தவள் அஸ்மாவுக்கு நாலு வயது, எங்கள் ஊர் மருதமுனையில் பிறந்தவள். இளையவன் யூசுப் இங்கே வந்த பிறகு பிறந்தவன். வீடு இரண்டாம் மாடியில், லிப்ட் கிடையாது. வெளியே போவதென்றால் பிள்ளை வண்டியை முதலில் கீழே இறக்க வேண்டும். அதுவரை பிள்ளையை யாரிடம் விடுவது? பிள்ளையை முதலில் இறக்கினால் கீழே யாரிடம் கொடுத்துவிட்டு வண்டிக்காக மேலே வருவது? புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஆற்றுக்கு அக்கரை சேர்க்கிற கணக்கைப் பள்ளிக்கூடத்தில் செய்தபோது, அது ஒருநாள் என் தலையில் விடியும் என்று நான் நினைக்கவேயில்லை. அஸ்மாவைப் படியில் இருத்தி, யூசுபை இடுப்பில் வைத்து, வண்டியை ஒரு கையால் படிப்படியாக இழுத்து இறக்குவேன். எதிரே வருகிறவர்கள் சுவரோடு ஒதுங்கி எனக்கு வழிவிட்டு, "சொறி" என்று மன்னிப்புக் கேட்பார்கள். அது மரியாதைதான். ஆனால் ஒரு கை கொடுத்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

தொழுகைக்கும் இதே கதைதான். ஊரில் தொழ எழும்பினால் பிள்ளையை வாங்கிக்கொள்ள யாராவது இருப்பார்கள். இங்கே தொழுகிற விரிப்பான முசல்லாவின் ஓரத்தில் யூசுபைக் கிடத்திவிட்டுத் தக்பீர் கட்டித் தொழத் தொடங்குவேன். நெற்றி நிலத்தில் பட நான் சுஜூதுக்குப் போகும் நேரம் பார்த்து அஸ்மா முதுகில் ஏறுவாள், அவன் என் முக்காட்டைப் பிடித்து இழுப்பான். தொழுது முடித்துக் கையேந்தும்போது நான் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. யா அல்லாஹ், இந்தப் பிள்ளையை ஒரு தரம் வாங்கிக்கொள்ள இன்னொரு கையைத் தா என்று மட்டும் கேட்பேன். சில நாள் அப்படிக் கேட்கும்போது அழுகை வந்துவிடும். அஸ்மா சின்ன விரலால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் முதுகில் ஏறிக்கொள்வாள்.

எங்கள் கிழக்குக் கரையில் பெண் கலியாணம் முடித்து வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே எங்கள் ஊரில் புலம்பெயர்கிறவர் எப்போதும் ஆண்தான். என் உம்மா தன் உம்மாவின் வீட்டு வளவிலேயே இருந்தார். மூத்தவள் ராத்தாவுக்குக் கொடுத்த வீடும் இளையவள் எனக்குக் கொடுத்த வீடும் ஒரே மதிலுக்கு இரண்டு பக்கம். அஸ்மா அந்த மதிலுக்கு மேலாலேயே வளர்ந்தவள். காலையில் குளிப்பாட்டி மதிலுக்கு அந்தப் பக்கம் நீட்டினால் ராத்தா வாங்கிக்கொள்வாள். ராத்தாவிடமிருந்து உம்மாவின் தங்கை சாச்சி வீட்டுக்கு, அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கு என்று போய், பசிக்கிற நேரத்துக்கு யாருடைய இடுப்பிலாவது ஏறித் திரும்பி வருவாள். அவள் எங்கே என்று தேடியதாக எனக்கு ஞாபகமே இல்லை. யூசுபோ பிறந்து ஐந்தாறு மாதம் வரை என்னுடைய கையையும் தன் வாப்பாவின் கையையும் தவிர, ஊசி போட்ட தாதியின் கையை மட்டும்தான் அறிந்தவன். ஒருநாள் இதைச் சொல்லி நான் புலம்பியபோது என் கணவர் சிரித்தார்.

"இப்ப விளங்குதா, உங்கட வீட்டுக்கு நான் வந்து குந்தின நாள் எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு?"

"உங்களுக்கு ஒரு வீடு நிறைய ஆக்கள் இருந்தாங்க. எனக்கு ஆர் இரிக்கா?" என்றேன். அவர் யூசுபை வாங்கிக்கொண்டு தேநீர் போடப் போனார்.

யூசுபின் நிறையைப் பார்க்க வீட்டுக்கு வருகிற தாதி ஒருவர் நல்லவர். உங்களுக்கு உதவிக்கு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். யார் யார் என்றார். உம்மா, அக்கா, சின்னம்மா, அக்காவின் மூத்த மகள் என்று சொன்னேன். அவருக்கு மிகவும் சந்தோஷம். நீங்கள் அதிர்ஷ்டசாலி என்றார். அவர்கள் எல்லாரும் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த மாரியில்தான் பஸ்ஸில் அது நடந்தது. அஸ்மாவை நேர்சரியில் இருந்து கூட்டி வருகிற வழி. இங்கே பஸ்ஸுக்குள் பிள்ளை வண்டி நிறுத்த ஓர் இடம் உண்டு, ஆனால் சக்கர நாற்காலியில் யாராவது ஏறினால் அது அவர்களுக்குரியது. ஒரு தரிப்பில் சக்கர நாற்காலியில் ஒருவர் ஏறினார். சாரதி என்னைப் பார்த்து வண்டியை மடிக்கச் சொன்னார். நியாயம்தான். அந்த வண்டியை மடிக்க இரண்டு கை வேண்டும், ஒரு காலும் வேண்டும். என் இடது கையில் யூசுப். பஸ் முழுக்க எனக்காகக் காத்திருந்தது. எனக்குப் பக்கத்து இருக்கையில் நரைத்த தலையோடு, நீல மழைக்கோட்டு போட்ட ஓர் அம்மா இருந்தார். நான் யோசிக்கவேயில்லை. "ஹோல்ட், ப்ளீஸ்" என்று சொல்லி யூசுபை அவர் மடியில் வைத்துவிட்டுக் குனிந்து வண்டியை மடிக்கத் தொடங்கினேன்.

நிமிர்ந்து பார்த்தால் அந்த அம்மா அவனை இரண்டு கக்கத்திலும் பிடித்து, சூடான சட்டியைத் தூக்கியவர் மாதிரித் தன் நெஞ்சில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. பல மாதமாக யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போனவர்கள் அனைவரும் அன்றைக்குத்தான் என்னைப் பார்த்தார்கள். நான் பிள்ளையை வாங்கி, தேங்க் யூ சொன்னேன். அவர் மெதுவாக, யாருக்கும் கேட்காத மாதிரி, "யூ டோன்ட் நோ மீ, லவ்" என்றார். நான் யார் என்று உனக்குத் தெரியாதே, பிள்ளை என்கிறார். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. அதில் என்ன பிரச்சினை என்பதுதான் விளங்கவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன்: "நோ, பட் யூ ஆர் சிட்டிங்." நீங்கள் இருக்கிறீர்கள், நான் நிற்கிறேன், வேறென்ன தெரிய வேண்டும் என்ற கருத்தில் சொன்னேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"இனி அப்பிடிச் செய்யாத. இஞ்ச ஆக்கள் வேற மாதிரி. ஆராவது அரசாங்கத்துக்கு ஏதும் எழுதிப் போட்டா வீட்ட வந்து புள்ளைகளப் பத்தி விசாரிப்பாங்க."

"நான் என்ன செஞ்சன்? புள்ளயக் கொஞ்சம் புடிங்க எண்டுதானே கேட்டன்."

"ஓம். அதத்தான் செய்யாத எண்டு செல்றன்."

அதற்குப் பிறகு பஸ்ஸில் போக எனக்குப் பயமாகிவிட்டது. நேர்சரிக்கு நடந்தே போனேன், மழையிலும் நடந்தேன். யாராவது யூசுபைப் பார்த்துச் சிரித்தால் அவனை இன்னும் இறுக்கிக்கொள்வேன். அவனும் என் தோளில் முகத்தைப் புதைக்கப் பழகினான். நேர்சரியில் அஸ்மாவுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: தெரியாதவர்கள் கூப்பிட்டால் போகக்கூடாது, கொடுத்தால் வாங்கக்கூடாது. அவள் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். கடையில், பூங்காவில், படிக்கட்டில் யாரைக் கண்டாலும் என் கையைப் பிடித்து இழுத்து, "உம்மா, இவங்கள நமக்குத் தெரியுமா?" என்று கேட்பாள். இல்லை மகள் என்பேன். ஒரு நாளில் எத்தனை தரம் அந்த இல்லையைச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

அந்த நீல மழைக்கோட்டு அம்மாவை வசந்தத்தில் மறுபடியும் கண்டேன். நடந்து களைத்து நான் குந்திய பஸ் தரிப்பில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தோம். "வளர்ந்துவிட்டான்" என்றார். ஓம் என்றேன், ஆங்கிலத்தில்தான். அவருடைய கைகள் மடியில் சும்மா கிடந்தன. அவற்றில் உறை இல்லை, மோதிரமும் இல்லை. அன்றைக்கு அவர் என்னைக் கடிந்துகொண்டாரா, எனக்காகப் பயந்தாரா, இல்லை ஒரு பிள்ளையைத் தூக்கிப் பல காலம் ஆனதால் எப்படிப் பிடிப்பதென்று மறந்துபோனாரா என்பதை அந்த வாங்கில் இருந்தபோதுதான் முதன்முதலாக யோசித்தேன். பிள்ளையை நான் நீட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. பஸ் வந்ததும் அவர் ஏறிப் போனார், நான் நடந்து வந்தேன்.

ஆகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். விமானத்தில் இருந்த நேரமெல்லாம் எனக்கு ஒரே நினைப்புத்தான்: வாசலில் உம்மா கை நீட்டுவார், நான் யூசுபைக் கொடுப்பேன், பிறகு நிம்மதியாகக் குளிப்பேன். உம்மா கை நீட்டினார். யூசுப் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினான். "ஆரு எண்டு தெரியாதுதானே புள்ளைக்கு. வரும், வரும்" என்று சொல்லிவிட்டு உம்மா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனார். போகும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்ததைக் கண்டேன். நாட்கள் போயும் அவன் யாரிடமும் போகவில்லை. ராத்தா விடுகிற ஆள் இல்லை.

"நீ அங்கால போய்க் குந்திக்ககா. உன்னக் கண்ணுல கண்டா அவன் ஆருட்டயும் வரமாட்டான்."

பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். அவன் அழத் தொடங்கினான். கட்டிலில் குந்தினவள் உடனே எழும்பி ஓடி வந்தேன். ராத்தா அவனைத் தராமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"அவன் உன்ன உடுறானில்லையா, நீ அவன உடுறாயில்லையா?"

சிரித்துக்கொண்டே பிடுங்கிக்கொண்டேன். அந்தக் கேள்வி மட்டும் நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது.

அடுத்த நாள் பிள்ளைகளோடு கல்முனைக்குப் போய் அஸ்மாவுக்குச் செருப்பு வாங்கினேன். திரும்பி வர த்ரீவீலர் பிடித்திருக்கலாம். வேண்டுமென்றேதான் பஸ்ஸில் ஏறினேன். எனக்கு அந்த மடி தேவைப்பட்டது. அலுவலகங்கள் விட்ட நேரம், கால் வைக்க இடமில்லை. "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்கு இடமிரிக்கி" என்று இல்லாத இடத்துக்குள் கண்டக்டர் எங்களைத் தள்ளினார். அஸ்மாவை இடது கையால் அணைத்துக்கொண்டு, யூசுபை வலது இடுப்பில் வைத்தபடி தடுமாறினேன். பக்கத்து இருக்கையில் சேலை உடுத்து, பொட்டு வைத்து, மடியில் சாப்பாட்டுப் பையோடு ஒரு பெண் இருந்தார். பையைக் காலடியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்.

"தாங்க புள்ளைய."

அஸ்மா என் அபாயாவைப் பிடித்து இழுத்தாள். "உம்மா, இவங்கள நமக்குத் தெரியுமா?"

நான் வாய் திறக்கும் முன் அந்தப் பெண்ணே அவளுக்குப் பதில் சொன்னார். "ஓம் மகள், தெரியும். நான் பாண்டிருப்பு. நீங்க?"

"மருதமுனை" என்றாள் அஸ்மா, சின்னக் குரலில்.

"பிறகென்ன, பக்கத்து ஊர்தானே."

பிள்ளையைக் கொடுத்தேன். அவன் அலறினான். அவர் அவனை நெஞ்சோடு சேர்த்துச் சாய்த்துக்கொண்டு, "அழட்டும், அழட்டும், நல்ல தொண்டை" என்று முதுகில் தட்டினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாருடைய முகமும் வெளிறவில்லை. எந்தக் கைக்காக முசல்லாவில் இருந்து அழுதேனோ அந்தக் கை இதோ வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ் என்று நினைத்தேன். அந்த நேரம் பஸ் சட்டென்று பிரேக் போட்டது. நான் முன்னால் விழப்போய் யாரோ ஒருவரின் தோளில் மோதி நிமிர்ந்தேன். அந்தப் பெண் என் கையைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். காலியாகிவிட்டது என்று நான் நினைத்த என் வலது கை, யூசுபின் சட்டை நுனியைக் கசக்கிப் பிடித்திருந்தது.

"கம்பியப் புடிங்க தங்கச்சி" என்றார் அவர், அன்பாகத்தான். "புள்ளய நான் புடிச்சிருக்கன்தானே."

ஓம் என்றேன். தலையையும் ஆட்டினேன். அவர் இறங்குகிற பாண்டிருப்பு வரும் வரைக்கும் நான் கம்பியைப் பிடிக்கவேயில்லை.