தாலி மட்டும் இன்னும் இறங்கவில்லை

“ஏலே, கேக்காத! வலை தண்ணிக்குள்ள கெடக்கையில மீனு எத்தனைன்னு கேப்பியா?”

டவுன்லோடு ஓடும்போது “முடிஞ்சிருச்சாண்ணே?” என்று யார் கேட்டாலும் வில்பிரட் அண்ணன் இப்படித்தான் பாய்வார். அடுத்த நொடி தோளில் கிடக்கும் துண்டு திரைமேல் விழும். பாம்பன் கடைத்தெருவில் அவருடைய கம்ப்யூட்டர் கடை; நான் அங்கே எடுபிடி. கட்டியிருப்பது கைலி, காதிடுக்கில் டெஸ்டர்.

எல்லா டவுன்லோடும் ஒன்றுதானே என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். அவருக்கு முகமே சுருங்கிவிட்டது.

“பிரவுசர்ல அமுக்கி எறக்குறியே, அது எச்.டி.டி.பி. ஒத்த வள்ளம் போயி மொத்தச் சரக்கையும் கொண்டாரணும். நடுவுல அறுந்தா, நல்ல சர்வர் விட்ட எடத்துலருந்து குடுப்பான். மத்தவன் மொதல்லருந்து வாம்பான். எஃப்.டி.பி.ன்னா ஐஸ் கம்பெனி மேனேஜரு. பேரச் சொல்லு, பாஸ்வேர்டச் சொல்லும்பான். பேச ஒரு வாசல், சரக்கேத்த ஒரு வாசல். டாரண்ட் இருக்கே, அது கரைவலை! கயித்துல கை வச்சவனுக்கெல்லாம் பங்கு, வாங்குறவனே அடுத்தவனுக்கும் குடுக்கணும். பங்கு வாங்குனவன் கயித்த விட்டாத்தான் பாவம்.”

அந்தப் பாவத்தைப் போன வாரம் கண்ணால் பார்த்தேன்.

ரெஜினா அக்கா குவைத்தில் வீட்டு வேலை செய்பவர். மகள் கல்யாணத்துக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. இப்போது சில நாள் லீவில் வந்தவர், மறுநாள் திரும்ப வேண்டும். கல்யாண வீடியோ வேண்டும் என்று வந்து நின்றார். ஸ்டுடியோக்காரர் தந்த லிங்க் எப்போதோ காலாவதி. அண்ணன் எடுத்து வைத்திருந்த பிரதியை உப்புக்காற்று ஹார்ட் டிஸ்க்கோடு தின்றுவிட்டது. சொந்தபந்தத்துக்கெல்லாம் அப்போது டாரண்டில்தான் அனுப்பியிருந்தார். ஆனால் மணப்பெண் உட்பட முக்கால்வாசிப் பேர் பாதியில் நிறுத்தியவர்கள்!

ஒவ்வொருவரையும் போனில் பிடித்துக் கம்ப்யூட்டரைப் போட வைத்தார். ஆளுக்கொரு துண்டாக வந்து சேர்ந்தது. ஓடவிட்டுப் பார்த்தோம். மோதிரம் வந்தது, பாதர் வந்தார், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். திரை கட்டம் கட்டமாக உடைந்தது. அடுத்து எல்லோரும் பிரியாணி சாப்பிட்டார்கள்.

“ஏந்தம்பி, தாலி கட்டாத கல்யாணத்தக் கொண்டுபோயி அங்கன நான் என்ன செய்ய?” என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

போனில் கிடைக்காமல் மிச்சம் இருந்தவர் உப்பூரில் இருக்கும் மாப்பிள்ளையின் தோழன் வேல்ராஜ். ஒருவழியாக எடுத்தார்.

“எனக்கு அன்னைக்கே முழுசா வந்துருச்சேண்ணே, அதான் அணைச்சுட்டேன்.”

“மீன வாங்கிட்டுக் கயித்த விட்ட பய நீதானா! போடுலே சிஸ்டத்த! இங்கன ஒரு பொண்ணு தாலியில்லாம நிக்குது!”

திரையில் டவுன்லோடு கோடு நகர்ந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். தாலி ஏறியது. அக்கா திரைக்கு முன் கையை உயர்த்தி, மகள் தலைக்கு நேராகச் சிலுவை வரைந்தார். நான் அழுதேவிட்டேன், மறைப்பானேன்!

பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் படியிறங்கிய நேரம் கரண்ட் போனது. உச்சி வெயில். இன்வர்ட்டர் கீச்சிடத் தொடங்கியது.

“அதான் முடிஞ்சிருச்சேண்ணே, அணைச்சிருவோம்” என்றேன்.

“காரங்காட்டுல மாப்பிள்ளையோட சித்தப்பாவுக்கு நம்மகிட்டருந்து இன்னும் பாதிகூட போகலடா.”

இன்வர்ட்டர் கம்ப்யூட்டருக்காவது தாங்கட்டும் என்று எழுந்து ஃபேனை நிறுத்தினார். சட்டையைக் கழற்றினார். பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து, வேர்வை சொட்டச் சொட்ட, கம்ப்யூட்டருக்கு விசிறத் தொடங்கினார்.