நொச்சி ஆவியும் மில் தூசியும்

மேஸ்திரி மாமா, என் தங்கச்சி பாக்கியத்தின் மூச்சைப் பறித்தது நீங்கள்தான்.

இன்று நம் தங்கச் சுரங்க ஊர் ஆண்டர்சன்பேட்டையில் யாரோ நொச்சித் தழை கொதிக்கவைக்கும் வாசனை வந்தது. வெட்கத்தில் தெருவிலேயே நின்றுவிட்டேன். அம்மா விடிகாலையில் அந்தத் தழையைக் கொதிக்கவைத்து, பாக்கியத்தைப் போர்வைக்குள் உட்காரவைத்து ஆவி பிடிக்கவைப்பாள், மூச்சிழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும், அதற்குள் ஷிப்டு சங்கு ஊதும், நீங்கள் வாசலில் வந்து நிற்பீர்கள்.

"இன்னாம்மா, சுரங்கத்துல எறங்கப் போறவன் காதுல இந்தச் சீக்குச் சத்தமா விழணும்? சகுனம் ஆவாது. பின்னால இட்டுனு போ."

அம்மா உங்களைக் கும்பிட்டுவிட்டு, வேர்வை காயாத பிள்ளையை லைன் வீடுகளுக்குப் பின்னால், கல் இடிக்கும் மில் பக்கம், வெள்ளைத் தூசிக்குள் தூக்கிப் போவாள். அந்தக் கும்பிடு இன்னும் என் முகத்தில் எரிகிறது. அந்தத் தூசியிலேயே பாக்கியம் செத்தாள். அதற்குப் பிறகும் சுரங்கத்தில் பாறை சரிந்து ஆட்கள் செத்தார்கள். அன்றைக்கு யாருடைய இழுப்பு சகுனமானது? மாரியம்மன் கோயில் முன்னால், லைன் முழுக்கக் கேட்க, பதில் சொல்லுங்கள்.