வெல்டாவின் மடக்கு நாற்காலி

முதியோர் இல்லத்தின் வரவேற்பறையில் மெத்தென்ற சோபாக்கள் கிடக்கின்றன. வெல்டா க்ரம்லி அவற்றில் உட்காருவதில்லை. கக்கத்தில் இடுக்கி வந்த மடக்கு நாற்காலியை வரவேற்பு மேசைக்கு நேர் எதிரே விரித்துப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருகிறார். "அவங்க சோபாவுல உக்காந்தா, பாவம் காத்திருக்கான்னு நெனப்பாங்க. என் நாற்காலியப் போட்டா, இவ போகமாட்டான்னு புரியும்."

எழுபத்துமூன்று வயது. எங்கள் ஒக்லஹோமாச் சிற்றூரில் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அவரிடம் திட்டு வாங்காமல் இங்கே யாரும் வளரவில்லை, நானும்தான். இப்போதும் கடையில் யாராவது வழியை மறித்துக்கொண்டு அரட்டை அடித்தால், பேருந்தில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் போட்டிருக்கும் கோட்டை நினைத்து, "மஞ்சக் கோட்டுக்குப் பின்னாடி போ கண்ணு" என்பார். அறுபது வயது ஆள்கூட அனிச்சையாக ஓரடி பின்னால் போய்விடுவார்.

அந்தக் கைப்பையில் எப்போதும் மூன்று பொருள்கள் இருக்கும்: புதினா மிட்டாய், கண்ணாடி துடைக்கும் துணி, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சட்டத் தாள். நோயாளி தனக்கு வேண்டியவர் என்று ஒருவரின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டால், தொற்று பரவும் நேரத்திலும் அவரை வாசலோடு திருப்பி அனுப்பக் கூடாது. முகக்கவசம் போடச் சொல்லலாம், கை கழுவச் சொல்லலாம், அவ்வளவுதான். அந்தத் தாளில் இருப்பது இதுதான்.

அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. கொரோனா வருடத்தில் அவர் கணவர் டெல்பர்ட் இதே இல்லத்தில் இருந்தார். எட்டு மாதம் வெல்டா ஜன்னலுக்கு வெளியே இந்த நாற்காலியைப் போட்டு, அந்தத் துணியால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நாளில் ஒரு செவிலி டெல்பர்ட்டின் காதில் கைபேசியை வைத்துப் பிடித்தாள். வெல்டா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பேசினார். அடக்கம் முடிந்த வாரம் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. ஆறுதல் கடிதம் என்று நினைத்துத்தான் பிரித்தார். ஜன்னலோரப் பாத்தியில் நிற்பதால் பூச்செடிகள் சேதமாகின்றன, தயவுசெய்து தவிர்க்கவும் என்று எழுதியிருந்தது. அதை எழுதிய கை விளங்குமா?

என் அண்ணனும் அப்போது அங்கேதான் இருந்தான். நான் விதியை மதித்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நல்ல பிள்ளை என்று எனக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை. அண்ணன் போய்விட்டான்.

சட்டம் வேண்டும் என்று மாநிலத் தலைநகரில் பேச வெல்டாவுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். அவர் அந்தப் பூச்செடிக் கடிதத்தை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "ஓடுற பஸ்ஸுல அறுபது பிள்ளைங்களக் கண்ணாடியிலயே மொறச்சு அடக்கினவ நான். மூணு நிமிஷமே ஜாஸ்தி."

இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் படிவங்களோடு இல்லம் இல்லமாகப் போகிறார். நிர்வாகிகளைச் சமாளித்துவிடுகிறார், எங்கள் ஊர்க் கிழங்களைத்தான் சமாளிக்க முடியவில்லை. கால் ஒடிந்து கிடந்தாலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லும் ஜாதி நாங்கள். தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆர்வில் டகெட், வேண்டியவரின் பெயரை எழுத வேண்டிய வரியில், "யாருக்கும் தொந்தரவு வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார்.

போன நவம்பரில் காய்ச்சல் பரவி இல்லத்தின் கதவை அடைத்தார்கள். ஆர்விலுக்கு நுரையீரலில் சளி கட்டிவிட்டது. இரண்டு மூன்று நாள் தாங்கினால் பெரிது என்றார் மருத்துவர். மகள் ரமோனா நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, வாகன நிறுத்தத்திலேயே இரண்டு நாள் கிடந்தாள். செய்தி கேட்டதும் வெல்டா நாற்காலியோடு வந்தார். நானும் கூடப் போனேன்.

நிர்வாகி ட்ரென்ட் அந்தப் படிவத்தை எடுத்துக் காட்டினான். "சட்டப்படிதான் நடக்குறோம் வெல்டாம்மா. யாரும் வேணாம்னு அவரே எழுதியிருக்காரு. அது அவரோட உரிம."

"தம்பி, நீ மூணாவது சீட்டுல தெனமும் வாந்தி எடுத்த பய. ஒங்கம்மாவக் கூப்பிடட்டுமான்னு கேட்டா, வேணாம் வேணாம்னுதான் அழுவ. நான் கூப்பிடாம விட்டேனா?"

"அவரே மாத்திச் சொன்னா பாக்கலாம்."

"அப்ப போய்க் கேளு."

"தூங்குறாரு."

வெல்டா நாற்காலியை மடக்கினார். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஆர்விலின் ஜன்னலுக்குப் போனார். ஜன்னலடியில் வரிசையாகச் செவ்வந்தி பூத்திருந்தது. ஒரு காலைப் புல்லிலும் ஒரு காலைப் பாத்தியிலும் ஊன்றி, துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தட்டினார். உள்ளே இருந்த பணிப்பெண் திரையை விலக்கி, ஜன்னலைக் கையகலம் திறந்தாள். ஆர்வில் விழித்துத்தான் இருந்தார்.

"யோவ் ஆர்வில்! ஒம்மக ரெண்டு நாளா வண்டியில கெடக்குறா. உள்ள வரச் சொல்லவா?"

ஆர்விலின் உதடு அசைந்தது. பணிப்பெண் குனிந்து கேட்டுச் சொன்னாள்: "அவளுக்கு வேல கெட்டுரும், செரமப்பட வேணாங்கறாரு."

வெல்டா ஜன்னல் சட்டத்தில் ஓங்கி அறைந்தார், கண்ணாடி அதிர்ந்தது. "அவளுக்கு என்னன்னு ஒன்னக் கேட்டேனா? ஒனக்கு அவ வேணுமா வேணாமா? என் டெல்பர்ட்டுகிட்ட இந்தக் கேள்விய ஒருத்தனும் கேக்கலய்யா!"

ஆர்வில் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. பிறகு கையைத் தூக்கி, எழுதுவது போல விரலை அசைத்தார். பணிப்பெண் அழுதுகொண்டே படிவத்தை எடுக்க ஓடினாள்.

கால் மணியில் கதவு திறந்தது. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஓடிய ரமோனாவின் கையில் வெல்டா நாற்காலியைத் திணித்தார். "உள்ள உக்காரச் சொல்ல ஆள் இருக்காது. இதப் போட்டு உக்காரு."

நாங்கள் மறுபடி ஜன்னலுக்கு வந்தோம். வெல்டா பழையபடியே ஒரு கால் புல்லில், ஒரு கால் பாத்தியில் நின்றார். ரமோனா கட்டிலோரம் நாற்காலியை விரித்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது ட்ரென்ட் வெளியே வந்தான்.

"வெல்டாம்மா, கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் அந்தப் பூச்செடி..."

வெல்டா அவனைத் திரும்பிப் பார்த்தார். புல்லில் இருந்த இன்னொரு காலையும் நிதானமாகத் தூக்கிப் பாத்திக்குள் வைத்தார்.