ஒரு லைன் வீடும் பல லைன்களும்

சங்கம் நடத்துவது, தோற்றுக்கொண்டே தலை நிமிர்ந்து நடக்கிற தொழில்.

எங்கள் காப்பி எஸ்டேட்டில் நடந்த அநியாயங்களை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். முதலில் பிள்ளைக் காப்பகத்தை மூடினார்கள். இரண்டாவது, மழைக்காலக் கம்பளியை நிறுத்தினார்கள். மூன்றாவது, நிரந்தரத் தொழிலாளிகளை ஒப்பந்தக்காரரிடம் தள்ளினார்கள். நான்காவது, எஸ்டேட்டையே விற்றார்கள். வாங்கியவர்கள் ஐந்தாவதாக வீட்டில் கை வைத்தார்கள். வரிசையை மாற்றிச் சொன்னால் ஒவ்வொன்றும் தற்செயல் மாதிரித் தெரியும். அதனால் மாற்ற மாட்டேன்.

நான் எழுத்துக்கூட்டிப் படித்தது சங்கத்துத் துண்டறிக்கைகளில்தான். பிற்பாடு அவற்றை எழுதியவனும் நான்தான். அப்படிப்பட்ட என்னை ஒரு சின்ன இங்கிலீஷ் சொல் ஒரு வருடம் அலைக்கழித்தது. சங்கம் வைத்துக் காலம் கழித்த உங்களுக்கும் இப்படி ஒரு சொல் வாய்த்திருக்கும். எனக்கு வாய்த்தது ‘லைன்’.

ஓடு போட்ட லைன்

ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளுக்கு ஏற்காட்டில் லைன் என்று பேர். புது நிர்வாகம் அதைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடத் தீர்மானித்தது. மற்ற குடும்பங்கள் வெள்ளக்கடைப் பக்கம் போய்விட்டன. மிஞ்சியது சின்னப்பொண்ணு ஒருவர்தான். ஆயுசு முழுக்கக் காப்பிப் பழம் பறித்தவர், புருசனை இழந்தவர். மகள் அடிவாரத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். அங்கே இன்னொரு பாய் விரிக்க இடமில்லை. அந்த ஓர் அறை போனால் அந்தம்மாவுக்குப் போக்கிடமில்லை.

மானேஜரிடம் போனேன். பட்டணத்துப் பையன். “லைன் வீட்டுத் தொழிலாளியை இப்படித் துரத்த முடியாது” என்றேன். வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்: “லைன்னு சொல்லாதீங்க சார், கெஸ்ட் முகம் சுளிப்பாங்க. இனிமே அது காட்டேஜ்.”

கம்பியில் வருகிற லைன்

அடுத்த வாரம் அந்த வீட்டுக்கு மட்டும் கரண்ட் போனது. நான் தெரிந்த லைன்மேனைக் கூட்டிவந்தேன். அவர் கம்பத்தைப் பார்த்தார், எஸ்டேட் ஆபீஸ் பக்கம் போய்ப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினார். “லைன்ல கோளாறு இல்லீங்ணா. ஆபீஸ்ல பியூஸைப் புடுங்கி டிராயர்ல வெச்சிருக்காங்க. அது அவங்க கணெக்சனுங்க, நான் என்ன பண்ணட்டும்?”

எனக்கு ரத்தம் கொதித்தது. சின்னப்பொண்ணுதான் என்னைத் தேற்றினார். “உடுங்ணா, எனக்கென்ன லைட்டுப் போட்டுப் பரிச்சைக்கா படிக்கோணும்? இந்த செல்லுக்குத்தான் நொம்பக் கஸ்டம். சார்ஜு இல்லீன்னா, ஆத்தா செத்துப்போச்சுன்னு எம்மவ அழுவா.”

நிற்கிற லைன்

மனுக் கொடுக்கும் நாளில் இருவரும் பஸ் ஏறிச் சேலத்துக்கு இறங்கினோம். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தார் அந்தம்மா. கலெக்டர் ஆபீசில் வெயிலில் நீண்ட வரிசை. பாதி நேரம் நின்றபடி, பாதி நேரம் செருப்பை இடத்துக்கு வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தபடி மேசைக்கு வந்து சேர்ந்தோம்.

மேசையில் இருந்தவர் மனுவைத் திருப்பிப் பார்த்தார். “எஸ்டேட்டுன்னா லேபர் லைன், ஊடுன்னா ரெவின்யூ லைன். ரெண்டையும் ஒரே மனுவுல எழுதுனா எப்படிங்க?” நான் வாயைத் திறப்பதற்குள் சின்னப்பொண்ணு முன்னால் வந்து கும்பிட்டார்: “ஏனுங்க, வேல செஞ்சதும் அங்கதானுங்க, குடியிருந்ததும் அங்கதானுங்க. என்னைய எப்படீங்க ரெண்டாப் பிரிக்கறது?”

போன் லைன்

மனு நகரவில்லை; கோர்ட்டுக்குப் போனோம். வக்கீல் ஒருவர் வழக்கை எடுத்துக்கொண்டார். அவரைப் போனில் பிடிக்க, சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நிற்பேன். மூடுபனியில் எதிரே ஒன்றும் தெரியாது. ஒருமுறை மட்டும் நேரடியாகப் பேசினார்: “அந்தம்மா வீட்டுல இருக்கறவரைக்கும் கோர்ட்டைக் கேக்காமத் தொட முடியாது. எந்தக் காகிதத்துலயும் கைநாட்டு வெக்கக்கூடாது, அவ்வளவுதான்.”

மற்ற நாளெல்லாம் ஜூனியர் பையன்தான் எடுப்பான்: “லைன்லயே இருங்க ஐயா, சார் இன்னொரு லைன்ல இருக்காரு.”

சாவி

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகும்போது வீட்டைப் பூட்டிச் சாவியை எஸ்டேட் ஆபீசில் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் லைன் வழக்கம். குரங்கு ஓட்டைப் பிரித்தால், மழை ஒழுகினால், வாட்ச்மேன் திறந்து பார்க்க வேண்டுமே. சின்னப்பொண்ணு எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வைக்கவில்லை. சாமி கும்பிடப் போனார், எப்போதும்போலச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆபீசில் கணக்கெழுதுகிற ரைட்டரும் “நல்லாக் கும்புட்டு வாங்கக்கா” என்றுதான் வாங்கி வைத்தாராம்.

திரும்பி வந்தபோது பாயும் பாத்திரமும் டிரங்குப் பெட்டியும் வெளியே தூறலில் நனைந்துகொண்டிருந்தன. கதவில் புதுப் பூட்டு. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் மானேஜர், ரைட்டர், சாட்சிக்கென்று நிறுத்திய வாட்ச்மேன், ஜீப் டிரைவர். “சாவிய அவங்களே கொண்டாந்து ஒப்படைச்சாச்சு. இனி வீடு எங்க கைவசம்” என்றார் மானேஜர். நான் கத்தினேன். வழக்கம், சட்டம், வழக்கு எல்லாம் சொல்லிக் கத்தினேன். வாட்ச்மேன் தரையைப் பார்த்தான். ரைட்டர், காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது பேர் கூப்பிடுகிற அதே குரலில், வீட்டை ஒப்படைத்ததாக எழுதிய காகிதத்தைச் சாட்சிகளின் காதில் விழும்படி படித்தார்: “சின்னப்பொண்ணு, புருசன் பேரு காளியப்பன்.”

அந்தக் குரலுக்கு ஆயுசெல்லாம் பதில் சொல்லிப் பழகியவர், நான் தடுப்பதற்குள் சொல்லிவிட்டார்: “இருக்கறனுங்க.”

லைனுக்கு அத்தனை அர்த்தம் தெரிந்து வைத்திருந்தவர்கள், அந்தம்மா சொன்ன அந்த ஒற்றைச் சொல்லுக்கு மட்டும் ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒரே ஓர் அர்த்தம் எழுதிக்கொண்டார்கள்.