ரோதை முனியின் கயிறும் அரை மாத்திரையும்

பொய் சொன்னேன். என் மகளைக் காப்பாற்றிய மருந்தை இன்னொருத்தி பெற்ற பிள்ளையிடமிருந்து மறைத்தேன். இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்... காறித் துப்பினாலும் சரி!

தொண்ணூறுகளில், இலங்கை மலையகத்தில் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஆலையில் எனக்கு வேலை. மகள் செல்விக்கு ஒன்பது வயது. அம்மா கொழுந்து பறிக்கக் கிளம்பினாலே அவளுக்கு உடம்பு உதறும், மூச்சு முட்டும். "அம்மா திரும்பி வராது!" என்று கதவைக் கட்டிக்கொண்டு அலறுவாள். பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று.

ஆலை இயந்திரங்களுக்குக் காவலான ரோதை முனிக்கு என் மனைவி சேவல் நேர்ந்துகொண்டாள். நானோ யாருக்கும் தெரியாமல் பிள்ளையைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

யாழ்ப்பாணத்து டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "பயப்பிடாதேங்கோ. இது விசருக்குக் குடுக்கிற குளிசை இல்லை. பிள்ளையின்ர பயம் மெல்ல மெல்லக் குறையும். என்னைக் கேளாமல் நிப்பாட்டிப் போடாதேங்கோ."

விசர்! என் காதில் தங்கியது அந்த ஒரு சொல்தான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் தெரிந்தால்? 'பைத்திய மாத்திரை தின்ற குட்டி' என்று பெயர் வைத்துவிட மாட்டார்களா? நாளை எவன் கட்டிக்கொள்வான்? அது மட்டுமா... மருந்தே அவள் மூளையை மழுக்கிவிட்டால்? பொட்டலம் பல நாள் என் சட்டைப்பையிலேயே கிடந்தது.

ஒரு காலை, செல்வி வாசலிலேயே மயங்கி விழுந்தாள். அன்று கொடுத்தேன், அரை மாத்திரை. சத்து மாத்திரை என்று அவளிடமும் வீட்டிலும் சொல்லிவைத்தேன்; ஆஸ்பத்திரிக்குப் போனதை யாரிடமும் சொல்லாதே என்று அவளுக்குச் சொன்னேன். பகலில் அவள் அயர்ந்து தூங்கியபோது மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்... கொன்றுவிட்டேனோ?

அதே வாரம் மனைவி முனியின் கறுப்புக் கயிற்றைச் செல்வியின் கையில் கட்டினாள்.

மாத்திரையை நான் நிறுத்தவில்லை. சில மாதங்களில் செல்வி பள்ளிக்கூடம் போனாள். லயமே முனியைக் கொண்டாடியது. சேவல் அறுத்தார்கள். நானும் கைகூப்பி நின்றேன்!

பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த மல்லிகாவின் மகள் சாந்திக்கும் அதே நடுக்கம். மல்லிகா என்னிடம் நேராகவே கேட்டாள்.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. செல்விய ஆஸ்பத்திரிக்கு ஏதும் கூட்டிட்டுப் போனீங்களா?"

"இல்லம்மா. எல்லாம் முனி குடுத்தது."

எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்! அவளும் சேவல் நேர்ந்தாள், கயிறு கட்டினாள், காத்திருந்தாள். "சாமி மெதுவாத்தாண்ணே பாக்கும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

வருடங்கள் ஓடிவிட்டன. செல்வி இன்று டீச்சர், கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. சாந்தி வாசற்படி தாண்டுவதில்லை. யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொள்கிறாள். இப்போதாவது சொல்லலாமே என்கிறீர்களா? மல்லிகாவின் முகத்தைப் பார்த்தாலே வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறேன். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால்... ஐயோ, இன்னமும் அதே கணக்குத்தான் போடுகிறேன்!

போன வெள்ளிக்கிழமை மல்லிகாவின் காம்பராவில் செல்வி தன் கையிலிருந்த கயிற்றை அவிழ்த்து என்னிடம் நீட்டினாள். "எனக்குப் போதும்ப்பா. நீங்களே சாந்திக்குக் கட்டி விடுங்க. ஒங்க கையால கட்டுனா அவளுக்கும் சரியாயிரும்."

மல்லிகா கண்ணைத் துடைத்தபடி பக்கத்தில் நின்றாள். சாந்தி மெலிந்த கையை நீட்டினாள். அது நடுங்கியது. நான் கயிற்றைச் சுற்றினேன்.

"மாமா, இனிப் பயம் போயிருமா?"

முடிச்சை இறுக்கினேன்.

"போயிரும்மா" என்றேன்.