நாலாம் மாடியில் முளைப்பாரி

நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் மனிதர்கள் இரண்டே சாதி. ஒன்று ஓனர், மற்றது டெனன்ட். ஓனர்களிடம் மொட்டை மாடிச் சாவி இருந்தது, டெனன்ட்டுகளிடம் இல்லை. ஓனர்களின் நாய் லிஃப்டில் போகலாம், டெனன்ட்டுகளின் அரிசி மூட்டை படியேறித்தான் வரவேண்டும். இதெல்லாம் லிஃப்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட பலகையில் ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது. நான் இங்கிலீஷ் மீடியம் என்பதால் எழுத்துக்கூட்டி வாசித்து அம்மாவுக்கு அர்த்தம் சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அம்புட்டுத்தானா?" என்றாள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். வெயிலில் நின்று அடுத்தவர்களுக்கு மாடிமேல் மாடியாகக் கட்டிக்கொண்டிருந்தவருக்குத் தன் பெண்டாட்டி பிள்ளையும் ஒரு மாடியில் இருக்கவேண்டும் என்று ஆசை. புதுக்கோட்டை டவுனில் லிஃப்ட் வைத்த வீடு என்று யாரோ அனுப்பிய போட்டோவைப் பார்த்து, போனிலேயே பேசி முடித்துவிட்டார். வாடகையைக் கேட்டு ஊரில் வாயைப் பிளக்காதவர்கள் இல்லை.

வீட்டு ஓனர் எங்களுக்கு மேலே ஐந்தாம் மாடியில் இருந்தார். கட்டடச் சங்கத்துக்கும் அவர்தான் செக்ரட்டரி. பலகையில் இருந்த கையெழுத்து அவருடையது. அவர் மனைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். மேடம் யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை. நாயிடம் மட்டும் பேசுவார், அதுவும் ஆங்கிலத்தில்.

எங்கள் வீட்டில் சமையற்கட்டை ஒட்டி ஜன்னல் இல்லாத சிறிய அறை ஒன்று இருந்தது. வேலைக்காரி தங்குவதற்கென்று கட்டியதாம். எங்களுக்கு ஏது வேலைக்காரி? அந்த வருஷம் அதில் அம்மன் வந்து தங்கினாள்.

வல்லத்திராக்கோட்டைக்கு அங்கிட்டு இருந்தது அம்மாவின் ஊர். அங்கே அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பெண்கள் முளைப்பாரி எடுப்பார்கள். அகலமான மண்சட்டியில் வைக்கோலும் சாணித்தூளும் மண்ணும் பரப்பி நவதானியம் விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்து, தினமும் குளித்துவிட்டு வந்து தண்ணீர் தெளிக்கவேண்டும். குளித்துச் சுத்தபத்தமாக இருக்கும் பெண்களைத் தவிர வேறு பெரியவர்கள் கண் அதில் படக்கூடாது. பத்தாம் நாள் அது முழங்கை உயரத்துக்கு வெளிறிய மஞ்சளாக வளர்ந்து நிற்கும். தலையில் வைத்து ஊரைச் சுற்றி வந்து ஊருணியில் கரைப்பார்கள். டவுனுக்குப் போனபின் அம்மாவால் இரண்டு வருஷம் எடுக்க முடியவில்லை. "டவுன்ல இருக்கிறவ எதுக்குச் சிரமப்படணும்? அன்னிக்கி வந்து காசு குடுத்து ஒண்ண வாங்கித் தூக்கிக்க" என்று ஊரில் யாரோ சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "காசு குடுத்துத் தூக்க அதென்ன தக்காளியா?" என்று கத்திவிட்டு, மறுநாளே மாமாவிடம் சொல்லி ஊர் மண்ணையும் சாணித்தூளையும் சட்டியையும் கொண்டுவரச் சொன்னாள். மாமா அம்மாவின் தம்பி, லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். மூட்டையைத் தோளில் போட்டு நாலு மாடி ஏறி வந்து, "இதுக்கு நான் சிங்கப்பூருக்கே நடந்து போயிருப்பேன்" என்றார்.

சிறுபிள்ளைக்குத் தடையில்லை என்பதால் சொம்பு பிடிக்கும் வேலை எனக்கு. வெளியே மூச்சு விடக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். ஐந்து நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஆறாம் நாள் கீழே ஊஞ்சலில் உட்காரப் போனபோது செக்ரட்டரியின் மகள் வந்து, "வாடகை வீட்டுப் பிள்ளைங்க ஆறு மணிக்கு மேலதான் ஆடணும்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளிடம் இல்லாதது என்னிடம் ஏதாவது இருந்தாக வேண்டும். "எங்க வீட்ல ஒரு ரூம் இருக்கு. இருட்டா இருக்கும். உள்ள ஒண்ணு வளருது. யாரும் பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். அவள் கண் விரிந்ததைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

அன்று சாயங்காலமே செக்ரட்டரி வாட்ச்மேனோடு வந்து வாசலில் நின்றார். அவருக்கு ஏற்கெனவே சாணி வாடை மூக்கில் ஏறியிருந்தது.

"அந்த ரூம்ல என்னம்மா வளக்குறீங்க? கஞ்சாவா?"

அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. "சாமி காரியம் சார். நாலு நாள் போகட்டும், நானே தொறந்து காட்டுறேன்."

"என் வீட்டுக் கதவத் தொறக்க நான் நாலு நாள் காத்திருக்கணுமா? போலீஸைக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க. பொம்பள போலீஸா பாத்துக் கூப்பிடுங்க சார். கறி மீன் திங்காம, தலைக்குக் குளிச்சிட்டு வரச் சொல்லுங்க. உள்ள விடுறேன்."

அம்மா இதைச் சொன்னபோது அறைக்கதவில் முதுகைச் சாய்த்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். குட்டையான பெண்தான் அம்மா. அன்று கதவு முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றதாகவே எனக்கு ஞாபகம்.

மறுநாள் காலை செக்ரட்டரி தன் மனைவியை அனுப்பிவைத்தார். மேடம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சமையற்கட்டு வரை வந்து நின்றார். அம்மா, "குளிச்சிட்டுத்தானே வந்தீங்க மேடம்? பாக்குறீங்களா?" என்று கேட்டாள். மேடம் மூச்சை ஒருமுறை இழுத்தார். மூடியிருந்த கதவையே கொஞ்ச நேரம் பார்த்தார். "வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். வாடை பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு நான் அவர் முதுகுக்குப் பின்னால் பழிப்புக் காட்டினேன்.

சாயங்காலம் செக்ரட்டரி மறுபடி வந்தார். இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது, அதனால் கூடுதலாகப் பயமாக இருந்தது.

"ஒண்ணு கதவத் தொறங்க. இல்ல, மாசக் கடைசில காலி பண்ணுங்க."

"சரிங்க சார்."

"எது சரி?"

"காலி பண்றது."

செக்ரட்டரி இதை எதிர்பார்க்கவில்லை. திரும்பி மேலே போனார். அப்பா போனில் அம்மாவைத் திட்டினார். அவ்வளவு தூரத்திலிருந்து திட்டுவதில் உள்ள கஷ்டம் அம்மாவுக்குத் தெரியும் போலிருக்கிறது. முழுவதும் திட்டி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். நான் போய் அம்மாவின் மடியில் விழுந்து, நான்தான் வெளியே சொன்னேன் என்று அழுதேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "சொன்னா சொல்லிட்டுப் போ. நாம என்ன திருடியா வச்சிருக்கோம்?" என்று சொல்லி, சொம்பை என் கையில் கொடுத்தாள்.

பத்தாம் நாள் காலை மாமா லோடு ஆட்டோவோடு வந்தார். அம்மா மஞ்சள் புடவை கட்டி, ஈரத்தலையோடு பாரியைத் தூக்கித் தலையில் வைத்தாள். பயிர் அடர்ந்து, நெருங்கி, ஒரு முழத்துக்கு மேல் நின்றது. அதற்குப் பிறகு ஊரில் எத்தனையோ பாரி பார்த்துவிட்டேன். அவ்வளவு செழிப்பாக ஒன்றைப் பார்த்ததில்லை. தாய் மனசுபோல என்றெல்லாம் சொல்லமாட்டேன், சாணித்தூள் நல்ல சாணித்தூள்.

மாமா படிக்கட்டுப் பக்கம் நடந்தார். "அக்கா, இங்கிட்டே எறங்கிருவோம். போற நேரத்துல எதுக்கு வம்பு?"

"ஆத்தா படியில எறங்க மாட்டா. லிப்ட அமுக்குடா."

லிஃப்ட் கதவு திறந்தது. பாரியின் நுனி மேலே விளக்கில் உரசியது. அம்மா குனியவில்லை, முழங்காலை மட்டும் கொஞ்சம் மடக்கி நின்றாள். கதவு மூடியதும் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். அந்த இரும்புப் பெட்டிக்குள் அது என் காதைப் பிளந்தது. நாலு, மூன்று, இரண்டு என்று எண் மாற மாற, ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது.

கீழே செக்ரட்டரி பலகைக்குப் பக்கத்தில் நின்றார். லிஃப்ட் திறந்து, மஞ்சள் பயிர் முதலில் வெளியே வர, அதன் கீழே அம்மா வந்தாள். மூச்சு வாங்கக் குலவையை நிறுத்தினாள். ஆனால் குலவை நிற்கவில்லை. மேலே எங்கிருந்தோ படிக்கட்டு வழியாக இறங்கி வந்துகொண்டே இருந்தது. செக்ரட்டரி எங்களைத் தடுக்கவில்லை. எங்களைப் பார்க்கக்கூட இல்லை. தலையைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. அம்மாவும் ஒருகணம் நின்று அந்தக் குலவையைக் கேட்டாள். பிறகு நிமிர்ந்து நடந்தாள்.

மாசக் கடைசியில் நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்தோம். கீழ ராஜ வீதிக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத, பலகையும் இல்லாத வீடு ஒன்று கிடைத்தது. மேடத்துக்குச் சொந்த ஊர் ஆலங்குடிப் பக்கம் என்பதும், கல்யாணம் ஆகும்வரை வருஷம் தவறாமல் பாரி எடுத்தவர் என்பதும், அன்று ஐந்தாம் மாடிப் படியில் நின்று குலவையிட்டவர் அவர்தான் என்பதும் நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? பாரி எடுத்த மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் கூட்டிவைத்துப் பெருமையடித்தேன். எங்கள் வீட்டு லிஃப்ட் ரொம்ப விலையுள்ளது, அதில் ஒரு தடவை குலவையிட்டால் இரண்டு தடவை கேட்கும் என்று.